வயரைக் கழற்றச் சொன்னவளுக்கு

இன்று காலை உன் பழைய அலுவலகத்திலிருந்து ஓர் எச்சரிக்கை மடல் வந்தது. மருத்துவமனைகளைக் குறிவைத்து ஒரு கும்பல் கிளம்பியிருக்கிறதாம், எந்தெந்த வழியாக நுழைகிறது, எதையெல்லாம் உடனே பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். எப்போதும்போல, அடிபட்டது யார் என்று மட்டும் இல்லை. படித்து முடித்ததும் டீயை அப்படியே வைத்துவிட்டு சர்வர் அறைக்கு ஓடினேன். கதவைத் திறந்ததும் சூடேறிய தூசியின் அந்த வாசனை. அது மூக்கில் ஏறினாலே உன் குரல் காதில் கேட்டுவிடுகிறது, என்ன செய்ய?

நாம் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்துதான் கம்ப்யூட்டர் படித்தோம். நான் திண்டுக்கல்லைத் தாண்டாமல் இந்தத் தனியார் மருத்துவமனையின் கம்ப்யூட்டர்களைக் கட்டிக்கொண்டு அழ வந்தேன். நீ நிலக்கோட்டை மல்லித் தோட்டத்திலிருந்து நேரே டெல்லிக்குப் போய், நாட்டுக்கே பொதுவான சைபர் அவசரக் குழுவில் சேர்ந்தாய். லீவு முடிந்து நீ திரும்பும்போதெல்லாம் கொடைரோடு ஸ்டேஷனுக்கு வந்து வழியனுப்புவேன். ஒருமுறை ரயில் தாமதம். பெஞ்சில் உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டிருந்தபோது உன்னைச் சீண்டினேன்.

"தீயணைப்பு வண்டி மாதிரி மணியடிச்சிக்கிட்டு வருவீங்களாடி?"

"வரமாட்டோம்டி. பெரும்பாலும் போன்லயும் மெயில்லயும்தான். நாங்க சொல்லுவோம், நீங்கதான் செய்யணும். நீங்க அனுப்புறத பிரிச்சுப் பாத்து, இதே திருடன் வேற யாரு வீட்டுக்குள்ள இருக்கான்னு தேடுவோம். வெளிநாட்டுக் குழுக்கள்கிட்டயும் கேப்போம். அப்புறம் எல்லாருக்கும் தாக்கல் சொல்லுவோம். அடி வாங்குனவன் பேரை மட்டும் சொல்ல மாட்டோம். சொன்னா அடுத்தவன் வாயத் தொறப்பானா?"

"பயமா இருக்காதா?"

"இருக்கும். வீடு புகுந்து திருடுனா ஒரு சத்தமாச்சும் கேக்கும். இதுல ஒண்ணும் கேக்காது. போன் அடிச்சாலே எனக்குக் கை சில்லுனு ஆயிரும்."

நீ சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். நான் நம்பவில்லை. டெல்லியில் பெரிய வேலையில் இருப்பவளுக்குப் பயமாவது ஒன்றாவது என்று நினைத்தேன்.

பிறகு எங்கள் முறை வந்தது. அந்த வாரம்தான் உன் அப்பாவை நெஞ்சுவலி என்று எங்களிடம் சேர்த்திருந்தார்கள். உனக்கு உடனே லீவு கிடைக்கவில்லை. ஐ.சி.யூ.வில் கோடியில் இருக்கும் கண்ணாடி அறையைச் சொல்லி வாங்கிக் கொடுத்தது நான்தான். மறுநாள் காலை, கூட்டம் நிறைந்த நேரத்தில், லேப் கம்ப்யூட்டரின் திரை சிவப்பாக மாறியது. எல்லாக் கோப்புகளையும் பூட்டிவிட்டோம், பேசவேண்டுமானால் இங்கே வா என்று ஆங்கிலத்தில் நாலு வரி. அடுத்து மருந்துக் கவுண்டர், அடுத்து பில் போடும் இடம். மேனேஜர் அலறிக்கொண்டு வந்து எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னார். இடி இடித்தால் டி.வி. பிளக்கைப் பிடுங்குகிற வேகத்தில் ஆளாளுக்கு சுவிட்சை அணைத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் உன் செல்லுக்கு அடித்தேன். நீ கேட்டுவிட்டு, "என் நம்பர்ல வேணாம். எங்க ஆபீஸ் டெஸ்க் நம்பருக்குப் பேசு, மெயிலும் போடு, அப்பத்தான் பதிவாகும்," என்று வைத்துவிட்டாய். எனக்கு ஆத்திரமாக வந்தது. டெஸ்க் நம்பருக்கு அடித்தால் எடுத்தது நீயேதான். முன்பின் தெரியாதவளிடம் பேசுவதுபோல் ஊர், நிறுவனம், எப்போது கண்டீர்கள் என்று கேட்டு ஒரு எண் கொடுத்தாய். பெரிய டாக்டர் பக்கத்தில் நின்று, வெளியே தெரிந்தால் மானம் போய்விடும், நாமே பார்த்துக்கொள்ளலாம் என்று கைஜாடை காட்டிக்கொண்டிருந்தார். ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிப்பது சட்டம் என்று நீ சொன்னதை அப்படியே சத்தமாகத் திருப்பிச் சொன்னேன். அவர் உட்கார்ந்துவிட்டார்.

"மெஷினை அணைக்காதீங்க. அணைச்சா உள்ள இருக்குற தடயம் போயிரும். நெட்வொர்க் வயரை மட்டும் கழட்டுங்க. அணைக்காத மெஷின் ஏதாச்சும் மிச்சம் இருக்கா?"

லேப்பின் மூலையில் ஒன்று இருந்தது. அதன் சுவிட்ச் பீரோவுக்குப் பின்னால் இருந்ததால் யாருக்கும் கை எட்டவில்லை.

"அத தொடாதீங்க. ஐ.சி.யூ. மானிட்டரோட நெட்வொர்க் வயரெல்லாம் எந்தப் பெட்டிக்கு வருது?"

கட்டடம் கட்டிய நாளிலிருந்து அதுவும் லேப்பும் ஒரே பெட்டிதான். சொன்னேன்.

"அப்ப மொத்தமாக் கழட்டணும். பரவுறதுக்கு முன்னாடி."

கழற்றினால் நர்ஸ் மேசையிலிருக்கும் பெரிய திரை இருட்டாகிவிடும். படுக்கையருகில் உள்ள சின்ன மானிட்டர் ஓடும், ஆனால் அதன் அபாய மணி அடித்தாலும் கண்ணாடி அறையிலிருந்து சத்தம் வெளியே வராது.

"ஏடி, அப்பா அங்கதான் இருக்காரு," என்றேன்.

அதே டெஸ்க் குரலில்தான் சொன்னாய்.

"தெரியும். ஒவ்வொரு பெட்டுக்கும் ஒரு ஆள நிக்கச் சொல்லு. நின்னதும் கழட்டு."

நர்ஸுகள், பயிற்சிக்கு வந்த பெண்கள், டியூட்டி டாக்டர் எல்லோரும் ஓடிப்போய் நின்றார்கள். பெட்டியிலிருந்த நீல வயரைக் கழற்றினேன். நீ அடுத்த ஆளிடம் லைனைக் கொடுத்துவிட்டாய். சொந்தக்காரர் இருக்கிற இடம், இதற்குமேல் இதில் நான் இருக்கக்கூடாது என்று மேலதிகாரியிடம் சொல்லிவிட்டு வெளியே வந்திருக்கிறாய். கொஞ்ச நேரத்தில் என் செல் அடித்தது.

"இப்ப மகளாப் பேசுறேன்டி. அப்பா மூச்சு விடுறாரா, போய்ப் பாரு."

கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். ஒரு நர்ஸ் அவர் மணிக்கட்டைப் பிடித்தபடி சின்னத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெஞ்சு ஏறி இறங்கியது. சொன்னேன். நீ அழுதாய். உன் அழுகையை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அணைக்காமல் தப்பிய அந்த மெஷினிலிருந்து கும்பலின் தடத்தை உங்கள் ஆட்கள் எடுத்தார்கள். வேறு மருத்துவமனைகளுக்கு எச்சரிக்கை போனது. எங்கோ ஒன்று பூட்டப்படுவதற்கு முன்பே கதவடைத்துத் தப்பியது என்றாய். எது என்று கேட்டேன், வாயைத் திறக்கவில்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டாய். "கழட்டச் சொன்னது நான்னு அப்பாவுக்குத் தெரிய வேணாம். கேஸ் விஷயம் வெளிய பேசவும் கூடாது, அவரு தாங்கவும் மாட்டாரு."

அவர் தேறி வீட்டுக்குப் போனார். நீதான் போய்விட்டாய். டெல்லியில் வேலை முடிந்து வீடு திரும்பியவளுக்கு மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். உன்னை மதுரை வரை விமானத்தில் கொண்டுவந்து, நிலக்கோட்டைக்கு வேனில் எடுத்துப் போனோம். உன் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதபோது எனக்கு அழுகை வரவில்லை. இனி அந்த எண்ணை அடித்தால் யார் எடுப்பார்கள் என்ற பயம்தான் வந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் வந்தது.

இன்று மடலில் சொன்ன ஒவ்வொன்றையும் பார்த்து முடித்தேன். இதுவரை ஒன்றுமில்லை. இதுவரை என்றுதான் சொல்ல முடியும். ஐ.சி.யூ.வுக்கு இப்போது தனிப் பெட்டி இருக்கிறது, ஆனாலும் அந்தத் திரை ஒரு நொடி சிமிட்டினால் எனக்கு உயிர் போய் உயிர் வருகிறது.

வெளியே வந்தால் உன் அப்பா செக்கப்புக்காகக் காத்திருந்தார். பக்கத்தில் உட்காரச் சொன்னார். ரொம்ப இளைத்துவிட்டார்.

"என்ன தாயி, மூஞ்சியெல்லாம் வேர்த்திருக்கு? திரும்பவும் அந்தக் களவாணிப் பயலுகளா?"

"இல்லப்பா. சும்மா பாத்துட்டு வாரேன்."

ஐ.சி.யூ. கதவைக் கைகாட்டினார்.

"அன்னைக்கி டெல்லில இருந்து எந்தப் படுபாவியோ வயரப் புடுங்கச் சொல்லிட்டான்னு நர்ஸம்மா பேசிக்கிட்டாக. நான் கண்ண மூடிக்கிட்டுக் கேட்டுக்கிட்டேதான் கெடந்தேன். எம் மக மட்டும் அந்நேரம் அங்கன டூட்டில இருந்திருந்தா, என்னய அப்படி விட்டுருப்பாளா, சொல்லு?"

அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"விட்டுருக்க மாட்டாப்பா," என்றேன்.