இடது தோள்

கோட்டை, திருவனந்தபுரம்
6 மே 2024

அன்புள்ள சீதா,

நலம். உன் அம்மா வீட்டில் போனை எடுத்தாலே ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார்கள். நான் "சாப்டியா?" என்று உன்னைக் கேட்டால், உன் சித்தப்பா "ஆச்சு, ஆச்சு" என்கிறார். அதனால்தான் கடிதம். நிச்சயதார்த்தத்துக்கு அப்புறம் எழுதிக்கொண்டோமே, அதே நீல மை.

நீயும் ஜானவியும் திருநெல்வேலி போய்ப் பதினொரு நாள். விடியலில் குளித்துவிட்டு வேஷ்டியோடு கோவிலுக்குக் கிளம்பினால் இடது தோள் தானாகச் சாய்கிறது. வெற்றுத் தோளில் கன்னத்தை வைத்துப் பாதித் தூக்கத்தில் ஜானவி வருவாளே, அந்தக் கனம் இல்லாமல் நடை கோணுகிறது. பிராகாரத்து விளக்குகளும் தூக்கக் கலக்கத்தில் எரிகிற மாதிரி இருக்கிறது. நேற்றுக் கனவில் பொன்முடி மலையின் மூடுபனி வித்துரா ஊரைத் தாண்டி நம் தெருவுக்கே வந்துவிட்டது. அதற்குள்ளிருந்து "அப்பா, எறக்காதே" என்று அவள் குரல் மட்டும். ஆளைக் காணோம்.

எப்போது வருகிறீர்கள்?

உன்,
ஹரி

திருநெல்வேலி
10 மே 2024

அன்புள்ள ஜானவி அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. சித்தப்பா கவரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.

பயப்படாமல் படியுங்கள். வந்த மறுநாள் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது அம்மாதான் பார்த்தாள். "என்னடி இது, கொழந்தைக்கு மீசை அரும்பறது?" என்றாள். கையிலும் காலிலும் கறுத்த ரோமம், கன்னத்தில் பரு, பெரியவர்களுக்கு வருகிற வியர்வை வாடை. அன்றே டாக்டரிடம் போய் ரத்தம் கொடுத்தோம், ரிசல்ட் வரட்டும் என்றுதான் உங்களிடம் சொல்லவில்லை. எக்ஸ்ரேயில் கை எலும்பு ஆறு வயதுக் குழந்தையுடையது போல இருக்கிறதாம். நம் நாலு வயதுக்காரிக்கு! ரத்தத்தில் ஆண் ஹார்மோன் ஏறியிருக்கிறது. வயிற்றுக்குள் கட்டி இருக்குமோ என்று வியாழக்கிழமை மயக்கம் கொடுத்து ஸ்கேன் எடுக்கப் போகிறார்கள்.

எங்கள் வம்சத்துக் கோளாறோ என்று எனக்குத் தூக்கமே இல்லை. மங்கலம் பெரியம்மாவுக்கு மீசை இருந்ததா என்று கேட்டு அம்மாவை அழவைத்துவிட்டேன்.

வீட்டில் யாராவது தோளில் ஜெல் தடவுகிறார்களா என்று டாக்டர் கேட்டார். உங்கள் தோள்வலி ஜெல்லைச் சொன்னேன். பெயர் வேண்டுமாம். நேற்று போனில் மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் "பாக்கறேன்" என்றீர்கள். பார்த்தீர்களா?

உங்கள்,
சீதா

கோட்டை
14 மே 2024

அன்புள்ள சீதா,

இன்று காலை டாக்டருக்கு நானே போன் செய்து மருந்தின் பெயரைச் சொல்லிவிட்டேன். ஸ்கேனை நிறுத்திவைக்கிறேன் என்றார். அவரிடம் சொல்ல முடிந்தது. உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை.

எனக்குத் தோள்வலியே கிடையாது. இரண்டு வருடம் முன்பு மூக்கு வழியாகத் தலைக்குள்ளிருந்த கட்டியை எடுத்தார்களே, அதோடு என் உடம்பில் ஆண் ஹார்மோன் சுரப்பது நின்றுவிட்டது. அந்த ட்யூபில் இருப்பது டெஸ்டோஸ்டிரோன் ஜெல். குளித்ததும் தோளில் தடவி, காய்ந்ததும் சட்டை போட்டு மூட வேண்டும், குழந்தை மேல் படவே கூடாது என்று நர்ஸ் சொன்னாள். மருந்தோடு வந்த தாளிலும் அதுதான் இருந்தது. கோவிலுக்குள் சட்டையோடு போக முடியுமா? காய்ந்தால் போதும் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். ஆண்மைக்கு மருந்து என்று நீ நினைத்துவிடுவாயோ என்று வெட்கம். தாளை முதல் நாளே கிழித்துப் போட்டேன்.

அவள் கன்னம் வைக்கிற அதே இடம், சீதா.

நீ போனில் கேட்ட அன்றே ட்யூபைக் குப்பையில் எறிந்தேன். ஐந்து நாளாயிற்று. உடம்பில் பலமே இல்லை. ஆபீஸுக்குக் கழக்கூட்டம் போனால் நாற்காலியிலேயே கண் சொக்குகிறது. பகலிலும் அந்த மூடுபனிதான். இப்படியே இருந்துவிட்டுப் போகிறேன். மன்னிக்க வேண்டாம், வந்தால் போதும்.

ஹரி

திருநெல்வேலி
5 ஜூன் 2024

ஹரிநாராயணனுக்கு,

மூன்று வாரமாகப் பதில் எழுதவில்லை. கோபம்தான். "மருந்தை நீங்களாக நிறுத்தக் கூடாது, உடனே உங்கள் டாக்டரிடம் போங்கள்" என்று அன்றைக்கே மெசேஜ் போட்டதும் கோபத்தோடுதான். போனீர்கள், நல்லது. இந்த மருந்தால் ரத்தம் கெட்டியாகிறதா என்று பார்த்துவிட்டு ஊசிக்கு மாற்றுவார்கள், அதுவரை ஜெல்தான் என்று எழுதியிருந்தீர்கள். தடவுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

ஜானவிக்கு மறுபடி ரத்தம் எடுத்தார்கள். ஹார்மோன் இறங்கிவிட்டது. பரு போய்விட்டது, ரோமம் மெல்லப் போகுமாம். முன்னால் ஓடிவிட்ட எலும்பு வயது மட்டும் திரும்பாது. வருடா வருடம் உயரம் அளக்க வேண்டும். எலும்பு சீக்கிரம் முற்றிக் கொஞ்சம் குட்டையாக நின்றுவிடலாமாம்.

சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேனா? மூக்கில் பஞ்சோடு நீங்கள் கிடந்தபோது கஞ்சி ஊற்றினவள் நான். என்னிடம் என்ன வெட்கம்? என் வம்சத்தில் குற்றம் தேடி நான் அழுததை நினைத்தால் இப்போதும் ஆறவில்லை. ஆறும்போது சொல்கிறேன்.

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சாயந்திர ரயிலில் வருகிறோம். தம்பானூர் ஸ்டேஷனுக்கு முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள். தூக்கக் கலக்கத்தில் இறங்கி உங்கள் மேல்தான் விழுவாள், தூக்கிக்கொள்ளுங்கள்.

இனி கோவிலுக்கு மூன்று பேருமாகப் போவோம். வாசலில் நீங்கள் சட்டையைக் கழற்றும் முன் அவளை என்னிடம் கொடுத்துவிடுங்கள்.

சீதா