ஏரிக்கரை பெஞ்சு

தங்கைக்கு,

நேற்று வெதர்கோம் பிரபு மாளிகைத் தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கப் போனேன். வியாழன்தோறும் என் கிளிஃபோர்டு மீன் பிடிக்கப் போவதாகச் சொன்ன ஏரி அங்கேதான் இருக்கிறது. மீன் பிடிக்கத் தடை என்று துருப்பிடித்த பழைய பலகை ஒன்று நிற்கிறது.

கரையில் புது பெஞ்சு. அதில் பித்தளைத் தகடு: 'கிளிஃபோர்டின் நினைவாக. நம் வியாழக்கிழமைகளுக்காக.'

ரோஜாச் செடிகளைக் கத்தரித்துக்கொண்டிருந்த தோட்டக்காரரிடம் கேட்டேன். "அவரோட சம்சாரம் வச்சதும்மா. ரெண்டு பேரும் வாரம் தவறாம இங்க உலாத்துவாங்க. பாவம், அந்தம்மாவுக்கு இடது கால் கொஞ்சம் இழுக்கும்," என்றார்.

அந்தக் கால் ஒடிந்தபோது ஆறு மாதம் என் வீட்டில் வைத்து உன்னைக் குளிப்பாட்டியவள் நான்.

பெஞ்சை எடுக்கச் சொல்லவில்லை. இனி வியாழக்கிழமைகளில் அதில் நான் உட்கார்ந்திருப்பேன். நீ வந்தால் நின்றுகொண்டிரு.

இப்படிக்கு,
அவருடைய சம்சாரம்