மூடாத நாகசுரம்

என் மாரி அண்ணனுக்கு, பாசம் குறையாமல்,

உங்கள் மேல் கோபமாகத்தான் இருக்கிறேன். அழுது முடித்துவிட்டு எழுதலாம் என்று எட்டு மாதம் காத்திருந்தேன். அழுகை நின்றுவிட்டது, கோபம் நிற்கவில்லை.

பூண்டியில் எங்கள் பூண்டுக் கிடங்கு நீங்கள் விட்டுப்போனபடியேதான் இருக்கிறது. ராகம், தாளம் எதையும் முன்கூட்டிப் பேசாமல், ஒருவரை ஒருவர் கேட்டுக் கேட்டே ஐந்து பேரும் வாசித்த இடம். "மூட்டைக்கு நடுவுல உக்காந்து ஆளுக்கொரு பக்கம் இழுக்குறாங்க" என்று அப்பா இன்னமும் ஊரெல்லாம் சொல்கிறார். பழனிக் கோயிலில் பரம்பரையாக நாகசுரம் வாசித்த நீங்கள், "அவரு சொல்றது சரிதான்" என்று சிரிப்பீர்கள்.

நமக்கு இருந்தது ஒரே சட்டம். வாசித்து முடித்தவர் தன் வாத்தியத்தின் மேல் துண்டைப் போட்டு மூட வேண்டும். ஐந்தையும் மூடும்வரை இசை முடியவில்லை என்று அர்த்தம். யாரும் பேசக் கூடாது, எழுந்து போனவர் பின்னால் போகவும் கூடாது. அந்தப் பாழாய்ப்போன சட்டத்தைப் போட்டதே நீங்கள்தான்.

கடைசி மாதங்களில் உங்கள் வாசிப்பு பாதியில் அறுந்து அறுந்து வந்தது. நாங்கள் என்ன செய்தோம்? மெச்சினோம். "மௌனத்தையே வாசிக்கிறீங்கண்ணே, செம ஐடியா" என்றான் கிட்டார் வாசிக்கும் டென்னிஸ். நானும் தலையாட்டினேன். வயலினில் நானும் அதே மாதிரி விட்டு விட்டு வாசித்து உங்களுக்குப் பதில் வேறு சொன்னேன். மூச்சு வாங்குகிற மனுஷனுக்குப் பாட்டால் பதில்! நீங்களும் சிரித்துக்கொண்டு இருந்துவிட்டீர்களே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்து போயிருப்பீர்கள்?

அன்று மத்தியானம் நாகசுரத்தைத் தரையில் வைத்துவிட்டு வெளியே போனீர்கள். துண்டு போடவில்லை. வாசற்படியில் சுவரோடு சாய்ந்திருந்த உங்கள் முதுகு எனக்குத் தெரிந்தது. அங்கிருந்தே கேட்கிறீர்கள், திரும்பி வந்து எடுப்பீர்கள் என்று நினைத்து நாலு பேரும் வாசித்துக்கொண்டே இருந்தோம். நீங்கள் ஏற வேண்டிய கொடைக்கானல் பஸ் ஹாரன் அடித்தும் நீங்கள் அசையாதபோதுதான் எனக்கு உறைத்தது. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

நாகசுரத்தில் செருகும் சீவாளிகளை வைக்கும் உங்கள் டப்பாவில் இருந்த இதய மாத்திரைகளை அண்ணி பிறகு காட்டினார். "தெரிஞ்சா வாசிக்க விடமாட்டீங்கன்னு எங்கிட்டயே மறைச்சுட்டாரு செல்வி" என்றார். யாரை நம்பாமல் போனீர்கள் அண்ணே? எங்களையா, எங்கள் காதையா?

இப்போது நடக்கிற கூத்தைக் கேளுங்கள். உங்கள் நினைவாகக் கொடைக்கானல் ஹோட்டல் ஒன்றில் கச்சேரியாம். அந்தக் கடைசி மத்தியானத்தை அப்படியே திரும்ப வாசிக்கலாம் என்கிறார்கள் டென்னிஸும் மற்ற இருவரும். நடுவில் மூடாத உங்கள் நாகசுரம், சுற்றிலும் நாங்கள். சொல்லும்போது டென்னிஸுக்குக் கண் கலங்கியிருந்தது. அதனாலேயே எனக்கு ஆத்திரம் கூடியது.

"ஏலே, அது பாட்டு இல்ல. அவரு செத்துக்கிட்டு இருந்தாரு, நாம வாசிச்சுக்கிட்டு இருந்தோம்" என்று கத்தினேன்.

பிறகு டென்னிஸ், "அப்ப என்னதான் செய்றது, நீயே சொல்லு" என்றான்.

சொல்லிவிட்டேன். கச்சேரி நடக்கும், நானும் வாசிப்பேன். ஆனால் எவரும் ஒரு ஸ்வரம் எழுப்புவதற்கு முன் உங்கள் நாகசுரத்தின் மேல் நானே துண்டைப் போடுவேன். அடுத்தவர் வாத்தியத்தை மூடக் கூடாதுதான், மூடுவேன். இனிமேல் யாருக்காவது மூச்சு தடுமாறினால், பாட்டு எந்த உச்சத்தில் இருந்தாலும் சரி, வயலின் வில்லைக் கீழே போட்டுவிட்டு எழுந்து போய், "என்ன செய்யுது?" என்று கேட்பேன்.

உங்களிடம் கேட்காமல் விட்ட
உங்கள் தங்கச்சி,
செல்வி