கதவைப் பார்த்த வரிசை

செப்டம்பர் 19, வியாழன்

கெல்சோவுக்குக் குடிவந்த நாளிலிருந்து இறைச்சிக் கடைக்காரி ஜெஸ்ஸியைத் தவிர யாரோடும் பேசியதில்லை. இப்படியே கிடந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று, அவள் ஆடப் போகும் ஸ்காட்டிஷ் நாட்டு நடன வகுப்பில் நானும் சேர்ந்தேன். தேவாலயக் கூடம். ஒரு பக்கம் ஆண்கள் வரிசை, எதிரே பெண்கள் வரிசை. பெண்கள் பக்கம் நின்றால் வாசல் முதுகுக்குப் பின்னால்! எனக்கு வியர்த்துவிட்டது. கிரெக் வந்தால் எப்படித் தெரியும்? டண்டீயிலிருந்து இவ்வளவு தூரம் வரமாட்டான். மாட்டானா?

ஆண்கள் குறைவு. அந்த இடத்தில் ஆடும் பெண் தோளில் நீலப் பட்டை மாட்டிக்கொள்ள வேண்டும். யாருக்கும் பிடிக்காத வேலை. "நான் ஆடுறேன்" என்று கையைத் தூக்கினேன். பயிற்சி தரும் எஃபிக்கு ஒரே சந்தோஷம். "தங்கமான பொண்ணு!" என்றாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

அக்டோபர் 3

ஜெஸ்ஸிதான் என் ஜோடி. "மாப்ளே, என் மூஞ்சியப் பாருன்னா வாசலையே பாத்துட்டு நிக்கிறியே! வேற எவளாவது வர்றாளா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வாசலைப் பார்த்தபடியே.

அக்டோபர் 10

இன்று ஒரு முழு ஆட்டம் அவனை நினைக்கவில்லை.

அக்டோபர் 18

ஐயோ. நேற்று இடைவேளையில் எடுத்த படத்தை ஜெஸ்ஸி பேஸ்புக்கில் போட்டிருக்கிறாள். நடுவில் நான், பட்டையோடு, பல்லைக் காட்டிக்கொண்டு. கீழே கூடத்தின் பெயர், கிழமை, நேரம், எல்லாம். எனக்கு இந்த ஆட்டமெல்லாம் தேவையா? நானே என் தலையில மண்ண வாரிப் போட்டுக்கிட்டேன். இனிமே போகக் கூடாது. போகவே கூடாது.

அக்டோபர் 19

எஃபி வீட்டுக்கே போய்ச் சொல்லிவிட்டேன் — கிரெக்கைக் கல்யாணம் கட்டியது, அடி, முறிந்த கை, அவன் என் பக்கமே வரக்கூடாது என்ற கோர்ட் உத்தரவு. படத்தை பேஸ்புக்கிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஜெஸ்ஸி போனில் ஓவென்று அழுதாள். எஃபி அழவில்லை. "அவன் மூஞ்சியக் காட்டு" என்றாள். காட்டினேன். "வியாழக்கிழமை வந்துரு" என்றாள்.

அக்டோபர் 25

வந்துவிட்டான். நேற்று.

ஆட்டத்தின் நடுவில் கதவு திறந்தது. ஈரக் கோட்டு. அந்தச் சிரிப்பு. என் கால் நின்றுபோனது. ஜெஸ்ஸி என் கையை இறுக்கினாள். "ஆடு, யூனா. நிக்காத."

எஃபி வாசலுக்குப் போனாள். "ஆட்டம் முடியற வரைக்கும் யாரும் குறுக்க வரக்கூடாது தம்பி, அது எங்க வழக்கம். உக்காருங்க, டீ போட்டுத் தர்றேன்." உட்கார்ந்தான். நாலு பேர் முன்னால் அவன் எப்போதும் உத்தமன். எஃபி சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எல்லா ஜோடிக்கும் முறை வந்து முடிந்தது; ஆட்டம் நிற்க வேண்டிய இடம். எங்களுக்கு வாசிக்கும் மர்டோவின் அக்கார்டியன் நிற்கவில்லை. அவர் அவனைப் பார்த்தபடியே முதலிலிருந்து மறுபடி வாசித்தார். எல்லோருக்கும் மூச்சு வாங்கியது, யாரும் நிற்கவில்லை. ஒரு கை விட்டால் அடுத்த கை என்னைப் பிடித்துக்கொண்டது. அவன் சிரிப்பு மெல்லக் கழன்றது. கடைசியில் எழுந்தான். என்னை நோக்கி இரண்டடி வைத்திருப்பான், போலீஸ் உள்ளே வந்தது.

டீ அவனுக்கு வரவேயில்லை.

நவம்பர் 7

அவன் உள்ளே இருக்கிறான். எத்தனை நாளைக்கோ. பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். கார் நின்றால் இன்னும் திக்கென்கிறது.

இன்று பட்டையை எடுக்கப் போனால், ஜெஸ்ஸி தோளில் அது ஏற்கெனவே இருந்தது. "இன்னிக்கு நான்தான் மாப்பிள்ளை. வாசல நான் பாத்துக்கறேன், நீ ஆடு."

பெண்கள் வரிசையில் போய் நின்றேன். முதுகு கூசியது. ஆட்டம் முடிவதற்குள் ஒரே ஒரு தரம்தான் திரும்பிப் பார்த்தேன்.