ஓட்டம் முதலில்

நாள் 1, காலை 7.10
செவ்வாய் கிரகம், தென்முகாம். எழுதுவது குமரகுரு, வாகனப் பொறியாளர். இதை யார் எடுத்துப் படிக்கிறீர்களோ, உங்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். இங்கே குடும்பங்கள் வரப்போகின்றன. பனிச்சுரங்கத்துக்குப் போய்வர அவர்களுக்கு எந்த வண்டி கொடுப்பது என்பதுதான் கேள்வி. என்னுடையது ஹைட்ரஜன். கூட்டாளி சூசையுடையது சூரிய மின்சாரம், கூரை முழுக்கத் தகடு. இரண்டையும் சுரங்கம்வரை ஓட்டிப் பார்க்கிறோம். வெளியே மைனஸ் எழுபது.

என் கருத்து: தூசி பறக்கும் கிரகத்தில் சூரிய வண்டி விளையாட்டுச் சாமான்.

வானொலி, சூசை: “ஏல குரு, ஒன் சிலிண்டரச் சொமந்துக்கிட்டு மெல்ல வால. எனக்கு பங்க் ஆகாசத்துல இருக்கு.”
நான்: “சாயங்காலம் ஆனா ஒன் பங்க் ஷட்டர் போட்ரும்ல.”

நாள் 2, மதியம் 1.30
குளிரில் என் வால்வு இறுகிவிட்டது. சரிசெய்ய நின்றேன். அவன் ஹாரன் அடித்துக்கொண்டே தாண்டிப் போனான். இந்தத் தூசியில் அந்த வேகம் கணக்குக்கு ஒத்துவரவில்லை. கேட்டேன்.

சூசை: “ஹீட்டர அமத்திட்டேம்ல. போர்வ இருக்கு, பொறும இருக்கு. ஒனக்கு ரெண்டுங் கெடையாது.”

தூத்துக்குடியில் மின்சாரக் கார் வாங்கியவர்கள் ஏ.சி.யை அணைத்துவிட்டு வேர்த்து வழிய ஓட்டுவார்கள். கேட்டால், “சார்ஜ் நிக்கும்லா” என்பார்கள். அதே வியாதி. ராத்திரிக்காவது போட்டுத் தொலை என்றேன். சிரித்தான்.

நாள் 3, காலை 8.00
அவனுடைய காலை அறிக்கை வந்தது: “எல்லாம் சரி. வண்டி ஓடுது.” ஹீட்டர் போட்டாயா என்று கேட்டு வாயில் வந்தபடியெல்லாம் திட்டினேன். பதில்: “எல்லாம் சரி. வண்டி ஓடுது.”

முகாமில் வானொலி பார்க்கும் மெஹ்ருன் அக்கா: “தம்பி, அவன் நல்லாத்தான் இருக்கான், இப்பத்தான் ரிப்போர்ட் வந்துச்சு. உன் வால்வு கசியுது, காஸ் குறையுது. பேசாம திரும்பி வந்துரு.”

திட்டினால் இரண்டு பங்காகத் திருப்பித் திட்டுகிறவன் சூசை. நான் திரும்பவில்லை.

நாள் 3, பகல் 12.40
பிடித்துவிட்டேன். தூசி வெளிச்சத்தில் வண்டி நடை வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. என் வண்டியை நிறுத்திவிட்டு வெளியுடையோடு இறங்கி, பக்கத்திலேயே நடந்து கண்ணாடியைத் தட்டினேன். கண்ணாடிக்கு உட்பக்கம் உறைபனி. கையால் மறைத்து உள்ளே பார்த்தேன்.

கழுத்துவரை போர்வை. இமையில் வெள்ளை. கண் பாதையின் மேல்.

திரையில் அவன் வைத்த அமைப்பு: ஓட்டம் முதலில். அறிக்கையை அவன் குரலில் வண்டியே அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. பெட்ரோல் வண்டி என்றால் டேங்க் காய்ந்ததும் நின்றிருக்கும். இது இரவில் நிற்கிறது, விடிந்தால் கிளம்புகிறது. சுரங்கத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பியும் வந்திருக்கும். இவ்வளவு உருப்படியான வண்டியை நான் பார்த்ததில்லை.

நாள் 3, மாலை 4.15
என் சிலிண்டர் காலி. அவன் வண்டிக்கு மாறிவிட்டேன். இருப்பது ஒரே இருக்கை வரிசை. அவனைக் கொஞ்சம் நகர்த்தினேன், உட்கார்ந்தபடியே நகர்ந்தான்.

முகாமை நோக்கித் திருப்பியாயிற்று. திரை சொல்வது: ஹீட்டர் போட்டால் முகாம் எட்டாது. அணைத்தால் எட்டும். நின்றுவிட்டால் தகடு தருவது ஹீட்டருக்குப் போதும். என் வெளியுடையின் சூடும் இதே மின்கலத்திலிருந்துதான் ஏற வேண்டும்.

மெஹ்ருன் அக்கா, அழுதுகொண்டே: “தம்பி, நின்னுரு. ஹீட்டரப் போட்டுக்கிட்டு அப்படியே உக்காரு. தூசி அடங்குனதும் நாங்க வந்துர்றோம். ரெண்டு மூணு நாள்தான்டா.”

இரண்டு மூன்று நாள். இவன் பக்கத்தில். இவன் குரலில் காலை அறிக்கை கேட்டுக்கொண்டு.

நான்: “முடியாதுக்கா. வந்துகிட்டே இருக்கேன்.”

ஹீட்டரை அணைத்தேன். கொஞ்ச நேரத்துக்குத்தான்.

நாள் 4, காலை
ராத்திரி போடலாம் என்றிருந்தேன். மின்கல முள் இறங்குவதைப் பார்த்தால் கை போகவில்லை. போர்வை ஒன்றுதான். எடுத்துக்கொண்டேன்.

விடிந்ததும் வண்டி தானாகக் கிளம்பியது. விரல் எழுத்தைத் தப்பித் தப்பி அடிக்கிறது. வானொலியையும் அணைத்துவிட்டேன், அதுவும் மின்சாரம் தின்கிறது. அக்கா கோபிப்பாள்.

இன்னும் ஒரு மேடு. அதைத் தாண்டினால் ஹீட்டர் போடுவேன்.

நாள் 4
மேடு வந்தது. இப்போது குளிரவில்லை, அதனால் வேண்டாம். வெளியுடையைக் கழற்றிவிட்டேன், சட்டைப் பொத்தானையும்கூட. சூசை தோளில் சாய்ந்திருக்கிறான். பாரமாகத்தான் இருக்கிறான். இருக்கட்டும்

நாள் 5, காலை 9.05. வண்டியின் தானியங்கிப் பதிவு
தென்முகாம் வாசலை அடைந்தது. மேட்டுக்கு இப்பால் தூசி இல்லை, முழு வெயில். இறக்கத்தில் சக்கரங்கள் திருப்பித் தந்த மின்சாரமும் சேமிக்கப்பட்டது. மின்கலத்தில் மீதி: அறுபத்திரண்டு சதவீதம். ஹீட்டர் பயன்பாடு: இல்லை. சோதனை ஓட்டம் முடிந்தது. வண்டி அன்றாடப் பயன்பாட்டுக்கு ஏற்றது.

வண்டி முகாமின் உள்கூடத்தில் நிற்கிறது, அதன் கதவு திறந்து வைக்கப்பட்டுள்ளது. இரண்டு பயணிகள். இதுவரை யாரும் இறங்கவில்லை.