இரண்டு பேர் தூக்க வேண்டிய சுவர்

என்றும் எங்களோடு இருக்கும் அன்பு மச்சானுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் மகள் வசந்தியைப் பொம்பிளை பார்க்க வந்தவர்கள் அடுப்படிக்குள்ளால் வீட்டுக்குள் நுழைந்தார்கள். நான் சால்வையும் போட்டு, சந்தனமும் வைத்து முன்வாசலில் நிற்கிறேன். அவர்களோ படலையைத் திறந்ததும் பக்கத்தில் தெரிந்த கதவுக்குள் போய், தேங்காய் துருவிக்கொண்டிருந்த பரமேசுவின் முன்னால் வரிசையாக நின்றுவிட்டார்கள். உங்கள் தங்கச்சி எழும்பவும் இல்லை. "இது அடுப்படி. வீட்டைப் பொருத்தின பெரிய எஞ்சினியர் முன்னுக்கு நிக்கிறார், அங்காலை போங்கோ" என்றாளாம்.

சம்பந்தம் சரிவந்துவிட்டது, மச்சான். உங்கள் மருமகளுக்குத் தையில் கலியாணம். ஆனால் அன்றைக்கே பரமேசு தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். "சம்பந்திமார் இன்னொருக்கால் என்ரை அடுப்படியாலை வரக்கூடாது. கூரை வேயப் பிரிக்கிற கையோடை சுவரையும் மாத்துங்கோ."

அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

பெருங்காற்று எங்கள் மண்வீட்டைக் கொண்டுபோன வருஷம், நீங்கள் சொன்னது எனக்கு விளங்கவே இல்லை. "வீட்டைக் காணியிலை வைச்சுக் கட்டவேணும் எண்டு ஆர் சொன்னது? நான் இஞ்சை கொட்டிலிலை துண்டு துண்டாய்ச் செய்யிறன். நீர் அங்கை அத்திவாரத்தைப் போடும். ரெண்டும் ஒரே நாளிலை முடியும். ஒரு லொறி, ரெண்டு நாள், வீடு நிக்கும்."

எட்டாம் வகுப்போடு நின்ற பஸ் கொண்டக்டருக்கு இது எப்படி விளங்கும்? "உதென்ன, தேயிலைப் பெட்டியோ, துண்டாய்க் கொண்டுவந்து பொருத்த?" என்று சிரித்தேன். வல்வெட்டித்துறையில் தோணி கட்டும் கொட்டிலுக்குள், கவிழ்த்து வைத்த தோணிகளுக்கு நடுவில், எங்கள் சுவர்கள் படுத்திருந்தன. வேப்பம் பலகையில் தட்டிகள். கதவுக்கும் யன்னலுக்கும் இடம் விட்டு, மூலைகளில் மரையாணிக்குத் துளை போட்டு, மேலே கூரைக்கு வரும் சட்டங்களையும் அளந்து வைத்திருந்தீர்கள். ஒவ்வொரு தட்டியிலும் உளியால் ஒரு வெட்டு, அல்லது இரண்டு. ஒன்று இடது, இரண்டு வலது.

லொறியில் ஏற்றுவதற்கு முன் எல்லாவற்றையும் கொட்டிலிலேயே ஒருமுறை பொருத்திப் பார்த்துக் கழற்ற வேண்டும் என்பது உங்கள் வழக்கம். பொருத்திப் பார்க்காத தோணியை ஒருநாளும் நீங்கள் தண்ணீரில் விட்டதில்லை. அந்த வேலைக்குத்தான் ஒருநாள் என் பஸ்ஸை மறித்து ஏறினீர்கள்.

"நாளைக்கு வாரும் மச்சான். என்ரை கையாள் சின்னத்தம்பி கோயிலுக்குப் போறான். அடுப்படிச் சுவர் பாரமானது. ஒரு முனையைப் பிடிச்சால் காணும்."

"நாளைக்கு டியூட்டி" என்றேன். "நீங்கள் பின்னுக்குப் போங்கோ, ஆக்கள் ஏறவேணும்."

நீங்கள் சிரித்துக்கொண்டு பின்னுக்குப் போனீர்கள்.

அடுத்த நாள் பின்னேரம் சின்னத்தம்பி திரும்பி வந்தபோது, நீங்கள் அந்தச் சுவரில் சாய்ந்தபடி இருந்தீர்களாம். கை நெஞ்சில் இருந்ததாம். மற்றச் சுவர்கள் எல்லாம் பொருத்தி நின்றனவாம். நெஞ்சுவலியில் உயிர் போய்விட்டது என்று டொக்டர் சொன்னார். ஒருவரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. நீங்கள் என்னைக் கூப்பிட்டது பரமேசுவுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

உங்கள் எட்டுச் செலவுச் சடங்கு முடிந்தபின் சுவர்களை ஏற்றிவந்து நானே பொருத்தினேன். வீட்டுக்கு முன்னால் நின்று, வீட்டைப் பார்த்தபடி ஒரு வெட்டை என் இடப்பக்கம் வைத்தேன், இரண்டு வெட்டை வலப்பக்கம். அடுப்படிக் கதவு கிணற்றுப் பக்கம் போகாமல் படலைப் பக்கம் வந்து நின்றது. பத்து வருஷமாக உங்கள் தங்கச்சி தண்ணீர்க் குடத்தோடு வீட்டைச் சுற்றி நடக்கிறாள்.

முந்தநாள் சுவர் மாற்ற வந்த சின்னத்தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். "தோணிக்காரன் உள்ளுக்கை நிண்டு முன்னுக்குப் பாத்துத்தான் இடம் வலம் சொல்லுவான். நீங்கள் கரையிலை நிண்டு பாத்திருக்கிறியள், அண்ணை!"

நானும் சேர்ந்து சிரித்தேன். ஊர் சிரிக்கும் பகிடிக்குள் ஒளிந்திருப்பது எனக்குச் சுகமாக இருந்தது.

ஆனால் அந்த அடுப்படிச் சுவர் என்னோடு சேர்ந்து சிரித்ததில்லை. சோளகக் காற்றுத் தொடங்கினால் மத்தியானத்தில் அது தட்டும். டொக், டொக். நீங்கள் கொட்டாப்புளிச் சுத்தியலால் தட்டுவதுபோலவே இருக்கும். பரமேசு சோறு போடுகிற கையை நிறுத்தி, "அண்ணை வேலை செய்யிறார்" என்பாள். அவளுக்கு அது ஆறுதல். நான் பாதிச் சோற்றில் கை கழுவி, "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று எழும்பிவிடுவேன். மாறிப் பொருத்தியதால் துளை சரியாக இருக்கவில்லை, அதனால் தட்டி அசைந்தது என்கிறான் சின்னத்தம்பி. இருக்கலாம். பிறகு ஏன், நான் வீட்டில் நின்ற நாட்களில் மட்டும் அது கூடுதலாகத் தட்டியது?

நேற்று மரையாணியைக் கழற்றி அந்தச் சுவரைச் சாய்த்தோம். மற்றச் சுவரோடு பொருந்தி மறைந்திருந்த விளிம்பில் பென்சில் எழுத்து. பத்து வருஷமாக வெயில் படாததால் புதிதாக இருந்தது. நான்தான் அதை மூடிப் பொருத்தியவன். அவசரத்தில் பார்க்கவே இல்லை. "இது இரண்டு பேர். மச்சான் வந்த பிறகு."

பரமேசு குனிந்து, எழுத்தெழுத்தாக வாசித்தாள். விரலால் ஒருமுறை தடவினாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணை உங்களை வரச்சொன்னவரோ?"

"உன்ரை அண்ணை ஊரிலை ஆரைத்தான் கூப்பிடேல்லை?" என்றேன்.

சின்னத்தம்பி சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு, பழக்கத்தில் வீட்டைச் சுற்றி நடந்து கிணற்றடிக்குப் போனாள். நடுவில் சுவர் இல்லை, நேரே போயிருக்கலாம்.

மச்சான், இந்தக் கடிதம் உங்கள் பத்தாம் ஆண்டு நினைவு நாளில் பத்திரிகையில் வரும். உங்கள் தங்கச்சி பேப்பரில் முதலில் பார்ப்பது இந்த நினைவஞ்சலிப் பக்கத்தைத்தான். அவள் இதை முதன்முதலாக அச்சில் வாசித்து அறிய விடமாட்டேன். நாளைக்கு அந்தச் சுவரைத் தூக்கும்போது ஒரு முனையை நான் பிடிப்பேன். அது நின்றதும், அதன் பக்கத்திலேயே நின்று என் வாயால் சொல்வேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

நேற்று அவள் கேட்டபோது தொண்டைவரை வந்து நின்றது இதுதான்: ஓம் பரமேசு, வரச்சொன்னவர். அண்டைக்கு எனக்கு டியூட்டி இல்லை. பட்டணத்திலை படம் பாத்துக்கொண்டு இருந்தனான்.

ஒரு முனையைப் பிடிக்க வராத,
உங்கள் தங்கச்சியின் புருஷன்