மூக்கை உள்ளே விட்ட வண்டி

மாப்பிள்ளைக்கு,

நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். முப்பது வருஷம் உன் முகத்தில் முழிக்காதவன் கடிதம் என்று கிழித்துவிடாதே. இன்று எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நம் பழைய தீயணைப்பு நிலையத்தை இடிக்கவில்லையாம், நூலகமாக்குகிறார்களாம்! அதன் வரலாற்றைப் பலகையில் எழுத ஓர் அம்மா என்னிடம் வந்தார். மணி வந்த வருஷம், முதல் வண்டியின் நிறம், ஹோஸ் காயப்போடும் கோபுரத்தின் உயரம், எல்லாவற்றையும் கடகடவென்று ஒப்பித்தேன்.

"ஆலைத் தீக்கு வண்டி லேட்டாமே ஐயா? டிரைவர் தூங்கிட்டார்னு ஃபைல்ல இருக்கு," என்றார்.

மணி அடித்ததும் பாய வேண்டும் என்று வண்டியை ரிவர்ஸில்தான் உள்ளே விடுவோம். ஆலை தீப்பிடித்த அன்று வண்டியைக் கழுவிவிட்டு, சோம்பலில் மூக்கை உள்ளே விட்டு நிறுத்தியவன் நான். டிரைவரான நீ அதை வெளியே எடுத்துத் திருப்புவதற்குள் ஆலைக் கூரை விழுந்துவிட்டது. உன் வேலையும் போனது. அண்ணனைக் காட்டிக்கொடுத்தால் என் தங்கச்சி தாங்கமாட்டாள் என்று நீ வாயே திறக்கவில்லை.

"டிரைவர் தூங்கலம்மா. வண்டியைத் தப்பா விட்டது கிளீனர், நான்தான். அப்படியே எழுதுங்க."

"நிஜமாவா ஐயா?"

"சீக்கிரம் எழுதும்மா, மனசு மாறிடப் போகுது."

எழுதிவிட்டார், மாப்பிள்ளை. மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். இதைக் கேட்டு மகள் பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். அப்புறம் திட்டு, இப்போது எழுது என்றேன்.

வெள்ளிக்கிழமை திறப்பு. எனக்குத்தான் படிக்கத் தெரியாதே. நீ வந்து தங்கச்சி காதில் விழும்படி சத்தமாக வாசி. நான் பக்கத்திலேயே நிற்கிறேன்.

உன் மைத்துனன்,
பழைய கிளீனர்